மேசன்மாரோட பழைய வரலாற படிக்கிறது எப்படி? வீட்டுப் பின்னால உள்ள கல்லுக்கட்டுல இருந்து ஆரம்பிங்க

ஃப்ரீமேசன்னு யூடியூப்ல தேடிப் பாருங்க, முக்கோணத்துக்குள்ள ஒரு கண்ணு, பின்னால டம்டம்னு மியூசிக், உலகத்தையே ஆட்டிப்படைக்கிற ரகசிய சங்கம்னு ஒருத்தர் தொண்ட கிழிய கத்துவாரு. அத பாத்துட்டு "அண்ணே இது உண்மையா"ன்னு கேக்குற தம்பி தங்கச்சிமாருக்கு தனித்தனியா பதில் எழுதி கை ஓஞ்சி போச்சி, அதான் ஒரேயடியா இங்க எழுதி வச்சிர்றேன்.

கல்லு கொத்துற தொழிலாளிங்க எப்படி ஒரு கூட்டமா சேர்ந்தாங்க, அந்தக் கூட்டம் எப்படி கடைசியில உளியையே தொட்டுப் பாக்காத கனவான்மாரோட சங்கமா மாறிச்சி, இதுதான் விஷயம். இத படிக்க லண்டன் போகணும்னு இல்ல, ஹட்டன்லயோ பண்டாரவளையிலயோ இருந்துகிட்டே ஆரம்பிக்கலாம். நான் சொல்ற முறையில ஒரே ஒரு பிடிதான் இருக்கு: ரகசியம் எங்கன்னு தேடாதீங்க, கூலி எவ்வளவு, அத யார் தீர்மானிச்சான்னு தேடுங்க. இந்த ஒரு கேள்விய கையில வச்சிகிட்டா பாதி கட்டுக்கதை தானா உதுந்துரும்.

மொதல்ல கல்ல பாக்கப் பழகுங்க

புத்தகத்த அப்புறம் எடுக்கலாம். ஒரு நோட்டு, அளவு டேப்பு, ஒரு டோர்ச், கொஞ்சம் நூலு, இது போதும். காலையில ஏழு எட்டு மணிக்கு இல்லாட்டி சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, வெயில் சாய்வா விழுந்தாத்தான் உளி பட்ட தடம் நெழலோட தெரியும், நடு மத்தியானம் போனா எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வெளிறிப் போயி இருக்கும். மிஸ்டு எறங்கிருச்சின்னா டோர்ச்ச கல்லோட ஒட்டி பக்கவாட்டுல அடிங்க.

லயத்துக்கு, அதாவது தோட்டத்துத் தொழிலாளிங்க இருக்குற வரிசை வீட்டுக்குப் பின்னால மண்ணு சரியாம ஒரு கல்லுக்கட்டு இருக்கும்ல, இல்லாட்டி தேயிலை மலைக்குள்ள தண்ணி ஓடுற கான் ஓரத்துல, ரோட்டு வளைவுல, அதுக்கு முன்னாடி போயி நில்லுங்க. மேல இருந்து ஒரு குச்சிய கொஞ்சம் வெளிய நீட்டி, நூல்ல ஒரு சின்னக் கல்ல கட்டி அதுல தொங்கவிட்டுப் பாருங்க. நல்ல கட்டுன்னா நூலு நேரா எறங்கும், ஆனா சுவரோட அடி வெளிய வந்து நிக்கும், அதாவது சுவரு மலைப்பக்கமா சாஞ்சி நிக்கிது, மண்ணு தள்ளுறதுக்கு எதிரா தன்னோட பாரத்த குடுக்குது. அடுத்தது மூட்டுகள பாருங்க. கீழ்வரியில ரெண்டு கல்லு சேர்ற எடத்துக்கு நேர் மேல, மேல்வரியிலயும் மூட்டு வந்தா அது தெரியாதவன் கட்டுனது, ஒரு கல்லு ரெண்டு கல்லு மேல உக்காந்திருந்தா தெரிஞ்சவன் கட்டுனது. அப்புறம் சில கல்லோட தல மட்டும் சின்னதா வெளிய தெரியும், டேப்ப இடுக்குல விட்டுப் பாத்தா கல்லு உள்ள ரெண்டு அடி மூணு அடின்னு மண்ணுக்குள்ள போகும், சுவர மலையோட சேத்துப் பிடிக்கிறது அந்த நீளக் கல்லுங்கதான். சிமெந்து இல்லாத கட்டுல மழத்தண்ணி இடுக்கு வழியா தானா வடிஞ்சிரும், இப்ப சில பேரு கட்டுற சிமெந்து சுவர்ல தண்ணி போக ஓட்டை வைக்காம விட்டுட்டு ரெண்டாவது வருஷமே வயிறு தள்ளி நிக்கிறத நீங்களே பாத்திருப்பீங்க.

கல்லோட ஓரத்துல வெரல் தடிப்புக்கு அரவட்டமா வரிசையா பள்ளம் இருந்தா அது பாறையில தொளை போட்டு, ஆப்பு அடிச்சி பிளந்த கல்லு. சின்னச் சின்னப் புள்ளியா கொத்து விழுந்திருந்தா கூர் உளி. நீளக் கோடா இருந்தா பட்டை உளி. பாலத்துக்கு அடியில, பழைய பங்களாவோட படியில, கோயில் வாசப்படியில, மூணு எடத்துலயும் இத பாத்து நோட்டுல வரைஞ்சிக்கங்க, ஃபோட்டோ மட்டும் எடுத்தா கண்ணு பழகாது.

நம்ம மலைநாட்டுக் கல்லு ரொம்ப கடினம். நைஸ், சார்னோகைட்டுன்னு சொல்ற உருமாறிய பாறை, நம்ம வாயில எல்லாமே கருங்கல்லு. இங்கிலாந்துல பெரிய பெரிய தேவாலயம் கட்டுன ஆளுங்களுக்கு பல எடத்துல கெடச்சது சுண்ணாம்புக்கல்லு, வெட்டி எடுத்த புதுசுல ரம்பத்தால கூட அறுக்கலாம், எந்தப் பக்கம் கொத்துனாலும் கேட்ட மாதிரி வரும். இந்த மாதிரி கல்லுக்கு இங்கிலீசுல ஃப்ரீஸ்டோன்னு பேரு. அந்த இளகுன கல்லுல நேர்த்தியா வேலை செய்ற ஆளுக்கும், வெறும் கல்லு அடுக்குற ஆளுக்கும் கூலி வித்தியாசம் இருந்திச்சி. இத மனசுல வைங்க, கொஞ்சத்துல திரும்ப வருது.

கண்டிப் பக்கம் ஒரு நாள் ஒதுக்குங்க

கண்டி கொழும்பு ரோட்டுல பிலிமத்தலாவையில எறங்கினா கடலாதெனிய விகாரை கிட்டத்துலதான். 1344ல, நாலாம் புவனேகபாகு ராசா காலத்துல பாறை மேல கருங்கல்லால கட்டுனது, தூணையும் அடித்தளத்தையும் பாத்தா தென்னிந்தியக் கோயிலுக்குள்ள வந்துட்டமான்னு தோணும். கட்டுன ஸ்தபதியோட பேரு கணேஸ்வராசாரின்னு அங்க உள்ள கல்வெட்டே சொல்லுது. பக்கத்துல இருக்குற லங்காதிலக விகாரையும் அதே காலம், அது பெரும்பாலும் செங்கல்லு, அதுக்கு ஸ்தபதி ராயர்னு ஒருத்தர். அங்க பாறையில சிங்களக் கல்வெட்டும் இருக்கு, தமிழ்க் கல்வெட்டும் இருக்கு. மலைநாட்டுல தமிழ் வந்ததே கோப்பித் தோட்டத்துக்கு அப்புறம்தான்னு நெனைக்கிற ஆளுங்கள கூட்டிகிட்டுப் போயி காட்டுங்க.

நேரம் இருந்தா மாத்தளைப் பக்கம் நாலந்தா கெடிகேயும் பாக்கலாம், போவத்தென்ன நீர்த்தேக்கம் வரும்போது கல்லு கல்லா பிரிச்சி மேடான எடத்துல மறுபடி சேத்துக் கட்டுனது. சுண்ணாம்பு சிமெந்து பலத்துல இல்லாம கல்லு மேல கல்லு உக்காந்து நிக்கிற கட்டடத்தத்தான் இப்படி பிரிச்சி சேக்க முடியும்.

இந்த ஸ்தபதிமாரு தனி ஆளா வர்ல. தமிழ்நாட்டுல கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், கல்தச்சர்னு அஞ்சு தொழிலும் கம்மாளர்னு ஒண்ணா நின்னாங்க, எல்லாரும் விஸ்வகர்மாவோட அஞ்சு புள்ளைங்க வழியில வந்தவங்கன்னு சொல்லிக்குவாங்க. தொழில் அப்பங்கிட்ட இருந்து புள்ளைக்கு, மாமங்கிட்ட இருந்து மருமகனுக்கு. ஐரோப்பாவுல அது கொஞ்சம் வேற மாதிரி, தொழில் ரத்த வழியில மட்டும் போகல, ஒப்பந்தம் போட்டு வெளிப் பையனையும் எடுத்தாங்க. சாதிக்குள்ள தொழில் இருக்குற எடத்துல உன்ன யாருன்னு நிரூபிக்க தனியா ஒரு சங்கம் தேவையில்ல, ஊரும் பேரும் சொன்னாலே போதும். ஊரு பேரு தெரியாத எடத்துக்குப் போறவனுக்குத்தான் வேற அடையாளம் வேணும். என் கணக்குல சங்கத்தோட வேரு இங்கதான் இருக்கு.

இப்ப இங்கிலாந்துக் கணக்குப் புத்தகங்களுக்குப் போங்க

லாட்ஜ்னா என்னன்னு மொதல்ல தெளிவா வச்சிக்கங்க. வேலை நடக்குற எடத்துல கல்லு கொத்துறவங்க உக்கார்ற கொட்டகை, அவ்வளவுதான். வேல் ராயல்னு ஒரு மடம் கட்டுனப்ப, 1270கள் கடைசியில, மேசன்மாருக்கு லாட்ஜ் கட்டுன செலவு கணக்குல எழுதியிருக்கு. மழையில நனையாம கல்லு கொத்த, உளிய வைக்க, சாப்பிட, மத்தியானம் கண்ண மூட. யார்க் பெரிய தேவாலயத்துல 1370ல போட்ட விதி ஒண்ணு இருக்கு, அத படிச்சா நம்மாளுங்களுக்கு சிரிப்பு வரும், சூரியன் உதிக்கும்போது வேலை தொடங்கணும், எப்ப சாப்பாடு, கோடையில எவ்வளவு நேரம் தூங்கலாம், எப்ப குடிக்கப் போகலாம், எல்லாம் நிமிஷக் கணக்கா இழுத்துப் பிடிச்சி வச்சிருக்காங்க, பெரட்டுக்களத்துல தப்பு அடிச்சி ஆள் எடுத்த காலத்துக் கதைய கேட்ட மாதிரியே இருக்கும். புதுசா வர்ற மேசன ஒரு வாரமோ அதுக்கு மேலயோ வேலை குடுத்து சோதிச்சிப் பாத்துட்டுத்தான் சேக்கணும்னும் அதுல இருக்கு, சேர்றவன் சத்தியமும் பண்ணணும்.

ஆள் எண்ணிக்கை எப்படி இருந்திச்சின்னு தெரிய 1296ஆம் வருஷத்துக் கடிதம் ஒண்ண தேடிப் படிங்க. வேல்ஸ்ல போமாரிஸ் கோட்டை கட்டுன மாஸ்டர் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் ராசாவோட கணக்கு ஆபீசுக்கு எழுதுறாரு, 400 மேசன், 2000 கையாளு, 200 கல்லு உடைக்கிறவன், 30 கொல்லன், அதோட தச்சன்மாரு, 100 வண்டி, 60 பெரிய வண்டி, 30 படகு. ஏன் இவ்வளவு பணம் போகுதுன்னு கேட்டா இதுதான் காரணம்னு சொல்லிட்டு, கூலி பாக்கி நிக்கிது, ஆளுங்களுக்கு சாப்பாட்டுக்கே வழியில்லன்னும் எழுதுறாரு. ரகசிய சங்கமாம்!

அடுத்தது 1348, 49. பிளேக் வந்து இங்கிலாந்துல ஆளுங்க கொத்துக் கொத்தா செத்தாங்க, உயிரோட மிஞ்சுன தொழிலாளிக்கு கிராக்கி ஏறிப் போச்சி. கூலி ஏறக்கூடாதுன்னு அரசாங்கம் 1351ல சட்டம் போடுது. அந்தச் சட்டத்துல இளகுன கல்லுல வேலை செய்ற தலைமை மேசனுக்கு நாளைக்கு 4 பென்ஸ், மத்த மேசனுக்கு 3, கையாளுக்கு ஒன்றரை. பாத்தீங்களா, ஃப்ரீஸ்டோன்ல வேலை செய்ற மேசன், அதாவது ஃப்ரீமேசன்ங்கிற ஆளு பழைய ஏட்டுல இப்படித்தான், கூலிப் பட்டியல்ல ஒரு வரியா வர்றாரு. மேசன்மாரும் தச்சன்மாரும் கூட்டம் கூடி சத்தியம் பண்ணி தங்களுக்குள்ள விதி வச்சிக்கிறது செல்லாதுன்னு 1360கள் தொடக்கத்துல இன்னொரு சட்டம். அப்பவும் அடங்கல போல, 1425ல மேசன்மாரு வருஷா வருஷம் கூடுறத பார்லிமெண்ட் திரும்பவும் தடை பண்ணுது, அந்தக் கூட்டத்தாலதான் தொழிலாளர் சட்டம் கெட்டுப் போகுதுன்னு காரணமும் சொல்லுது. கூட்டத்துல என்ன பேசியிருப்பாங்கன்னு இதுக்கு மேல யாரும் விளக்கத் தேவையில்ல, தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுன நம்ம ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும்.

நம்ம பக்கத்து வரலாறு இங்க ரொம்ப உதவும். தோட்டத்துல துண்டு முறை இருந்திச்சில்ல, ஒரு தோட்டத்த விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகணும்னா கடன் இவ்வளவுன்னு எழுதுன துண்டு வேணும், அது இல்லாம தோட்டத்த நடத்துற எந்தத் தொரையும் எடுக்க மாட்டாரு, 1921லதான் அத ஒழிச்சாங்க. எடம் மாறுறவனோட கையில ஒரு அடையாளம் இருக்கணும்ங்கிற தேவை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆனா நம்ம தாத்தாமாரோட துண்டு தொரையும் கங்காணியும் எழுதுனது, கடன எழுதுனது. ஸ்கொட்லாந்து மேசன் எடுத்துகிட்டுப் போன அடையாளம் அவனோட கூட்டத்தாரே குடுத்தது, தொழில் தெரியும்னு சொல்றது. வாய்ச் சொல்லு, கைகுலுக்குற மொறை, இதெல்லாம் படிப்பறிவு பரவலா இல்லாத காலத்துல ஒரு வேலை அட்டை மாதிரி. இத புரிஞ்சிகிட்டா 'ரகசியக் குறியீடு'ன்னு வர்ற வீடியோவுல பாதிய மூடி வச்சிரலாம்.

பழைய ஏடுகள எப்படி படிக்கிறது

மேசன்மாரோட பழைய கட்டளைகள்னு கையெழுத்துப் பிரதிகள் இருக்கு. ரொம்பப் பழசு ரீஜியஸ் கவிதை, 1390 வாக்குல எழுதுனதுன்னு பொதுவா சொல்வாங்க, லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு, ஒன்லைன்லயும் படிக்கலாம். அதுக்கு அடுத்தது குக் கையெழுத்து, 1400களோட முன்பாதி. ரெண்டுலயும் முன்னால ஒரு புராணம் இருக்கும், எகிப்துல யூக்ளிட் வடிவியல் சொல்லிக் குடுத்தாரு, ஏதெல்ஸ்தான் ராசா காலத்துல இங்கிலாந்துக்கு வந்திச்சின்னு. அந்தப் பகுதிய ஒரு தடவ படிச்சிட்டு ஓரமா வைங்க. விஸ்வகர்மாவோட புள்ளைங்கன்னு நாம சொல்றமே, அதே வேலைதான் அதுவும் செய்யுது: எங்க தொழிலு உங்க ராசாவ விட பழசு, எங்கள கொறைவா பாக்காதீங்க.

புராணத்துக்குப் பின்னால வர்ற விதிகள்லதான் சரக்கு இருக்கு. ரீஜியஸ்ல 15 கட்டளை, 15 குறிப்பு. சாப்பாட்டுச் சாமான் வெலைக்கு ஏத்த மாதிரி மாஸ்டர் கூலி குடுக்கணும்ங்கிறது மொதலாவது கட்டளையிலயே வந்துருது, நாம இன்னைக்கும் இத கேட்டுகிட்டுத்தானே இருக்கோம். பழகுற பையன ஏழு வருஷத்துக்குக் கொறையாம எடுக்கணும். அடிமைப் பையன சேக்காத, அவனோட எசமான் வந்து லாட்ஜ்லயே பிடிச்சிகிட்டுப் போனா வம்பு. மாஸ்டரோட பொண்டாட்டிகிட்ட போகாத. இப்படி ஒவ்வொரு விதியையும் படிக்கும்போது நோட்டுல ஒரே கேள்விய எழுதுங்க, இந்த விதி போடுறதுக்கு முன்னாடி என்ன சண்டை நடந்திருக்கும்? சும்மா யாரும் விதி போடுறதில்ல.

கல்லுல கொத்துன குறிகளும் அப்படித்தான். ஐரோப்பாவுல பழைய தேவாலயச் சுவர்ல அம்பு, நட்சத்திரம், ரெண்டு மூணு கோடு சேந்த மாதிரி வெரலளவு குறி நெறைய இருக்கும். எத்தன கல்லு கொத்துனோமோ அத்தனைக்கு கூலின்னு வாங்குற ஆளு தன் கல்லுக்குப் போட்ட குறி, நம்ம அக்காமாரு கொழுந்து நிறுக்கும்போது பேர் சொல்லி பதியிற மாதிரி. சில குறி கல்லு எந்த எடத்துல உக்காரணும்னு காட்டுறதுக்கு. மந்திரம் ஒண்ணும் கெடையாது.

உண்மையான ரகசியத்த நீங்களே போட்டுப் பாக்கலாம்

ஒரு ரகசியம் இருக்கத்தான் செஞ்சிச்சி, அதையும் சொல்லிர்றேன். 1459ல ஜெர்மன் பேசுற பகுதி கல்லுக் கொத்துறவங்க ரெஜென்ஸ்பர்க்ல கூடி விதி போட்டாங்க. தரையில வரைஞ்ச படத்துல இருந்து கட்டடத்தோட ஒசரத்த எப்படி எடுக்கிறதுன்னு தொழிலுக்கு வெளிய உள்ளவனுக்கு சொல்லித்தரக் கூடாதுன்னு அதுல இருக்கு. 1486ல மத்தேஸ் ரோரிட்சர்ங்கிற தேவாலய மாஸ்டர் அதையே சின்னப் புத்தகமா அச்சடிச்சி வெளிய விட்டாரு.

பெரட்டுக்களத்துலயோ வாசல்லயோ இத செஞ்சி பாருங்க, ரெண்டு பேரு வேணும். மொதல்ல மூலை மட்டம் பிடிக்கணும். ஒரு முளை அடிச்சி ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து குறி போடுங்க, அந்த ரெண்டு குறிக்கும் நடுவுல சரியா 5 அடி வர்ற வரைக்கும் ஒரு பக்கத்த நகத்துங்க, வந்திருச்சின்னா மூலை சரி. அஸ்திவாரம் போடுறப்ப நம்ம மேசன் பாஸ்மாரு நூலு பிடிக்கிறதும் இதுதான். இப்ப அந்த மூலையில இருந்து 4 அடிக்கு 4 அடி சதுரம் போட்டு முடிங்க, ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒண்ணுக்கொண்ணு சமமான்னு பாத்துக்கங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல, 2 அடியில, குறி போட்டு நாலையும் நூலால சேருங்க. உள்ள ஒரு சதுரம் கோணலா நிக்கும், அதோட பக்கம் 2 அடி 10 அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கொறையும். அதோட பக்கங்களுக்கும் நடுவ பிடிச்சி திரும்ப சேத்தா இன்னொரு சதுரம், இப்ப சரியா 2 அடி. ஒவ்வொரு தடவையும் பரப்பு பாதியாகுது. கணக்கே போடல, வர்க்கமூலம் தெரியத் தேவையில்ல, நூலும் முளையும் போதும். இந்தச் சதுரங்கள ஒண்ணுக்குள்ள ஒண்ணா திருப்பி வச்சி, அந்த அளவுகள்ல இருந்தே கோபுரத்துச் சிகரத்தோட ஒவ்வொரு அடுக்கையும் எடுத்தாங்க. அளவுகோல் ஊருக்கு ஊரு மாறுன காலம் அது, விகிதத்த கையில வச்சிருந்தவன் எந்த ஊருலயும் வேலை செய்யலாம். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் புள்ளைங்கள வச்சி இத செஞ்சி காட்டுங்க, பைதகரஸ் ஜென்மத்துக்கும் மறக்காது.

தொழில் எப்ப சங்கமா மாறிச்சி

இதுக்கு ஸ்கொட்லாந்துக்குப் போகணும். ராசாவோட கட்டட வேலைக்குத் தலைவரா இருந்த வில்லியம் ஷா 1598லயும் 1599லயும் ரெண்டு விதித் தொகுப்பு போட்டாரு. பழகுற பையன் ஏழு வருஷம், அதுக்கு மேல இன்னும் ஏழு வருஷம் போனாத்தான் முழுத் தொழிலாளி, சேரும்போது அவனோட பேரையும் குறியையும் புத்தகத்துல எழுதணும். ஒரு மாஸ்டர் தன் ஆயுசுல மூணு பையனுக்கு மேல எடுக்கக் கூடாது, ஆள் பெருகினா கூலி கொறையும்ல. சாரத்த ஒழுங்கா கட்டாம யாருக்காவது அடிபட்டா அந்த மாஸ்டர் அதுக்கப்புறம் மாஸ்டரா நிக்க முடியாது, இன்னொருத்தனுக்குக் கீழதான் வேலை செய்யணும். இந்த விதி இன்னைக்கு இலங்கையில இருந்தா எத்தன கொந்தராத்துக்காரன் கரண்டிய கீழ வைக்கணுமோ.

அதுல இன்னொரு விதி எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு பட்டிச்சி. கவன்னு சொல்ற ஆளுங்கள யாரும் வேலைக்குச் சேக்கக் கூடாது, சேத்தா அபராதம். கவன்னா முறைப்படி பழகாம, சாந்து இல்லாம வெறும் கல்ல அடுக்கி சுவர் கட்டுறவன். அதாவது மேல நாம நூலு பிடிச்சிப் பாத்த கல்லுக்கட்டு இருக்கே, அத கட்டுன நம்ம ஆளுங்கள அந்த லாட்ஜ் வாசப்படியிலயே நிறுத்தியிருக்கும். சகோதரத்துவம்னு பெருசா பேசுறாங்க, அதுக்கு ஒரு கதவும் இருந்திச்சிங்கிறத சேத்தே படிங்க. நூறு வருஷம் மழையில நிக்கிற கட்டு அது, யாரு முறைப்படி பழகலன்னு சொல்றீங்க?

எடின்பரோ லாட்ஜோட கூட்டக் குறிப்பு 1599ல இருந்து இருக்கு. 1600களுக்குள்ள போனா மெல்ல மெல்ல கல்லு கொத்தாத ஆளுங்க பேரு வர ஆரம்பிக்கும். 1641ல சர் ராபர்ட் மோரே, படை அதிகாரி, நியூகாசில்ல வச்சி எடின்பரோ லாட்ஜ் ஆளுங்க சேத்துக்கிறாங்க. 1646 அக்டோபர்ல எலியாஸ் ஆஷ்மோல்னு ஒரு படிப்பாளி, வாரிங்டன்ல, தன் டயரியிலயே எழுதி வச்சிருக்காரு. இவங்க ஏன் வந்தாங்கன்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க, பழைய வடிவியல் மேல ஆசை, நல்ல கூட்டாளிங்க, சாப்பாடு. லாட்ஜ் ஏன் எடுத்திச்சின்னா எனக்குத் தோணுறது சுலபம், கனவானுக்குச் சந்தா கட்ட வசதி இருக்கு.

லண்டன்ல 1666ல ஊரே எரிஞ்சி போச்சி. திரும்பக் கட்ட ஆள் பத்தல, அடுத்த வருஷச் சட்டத்துல வெளியூர்த் தொழிலாளிங்களும் வந்து வேலை செய்யலாம்னு தொறந்து விட்டாங்க, அதோட மேசன் கம்பெனின்னு லண்டன்ல இருந்த மேசன்மாரோட தொழில் சங்கத்துப் பிடி தளந்திச்சி. அப்புறம் 1717, ஜூன் 24, நாலு லாட்ஜ் சேந்து கூஸ் அண்ட் கிரிடயர்ன்ங்கிற சாராயக் கடையில கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளுக்கு ஒரு தலைமைச் சங்கம், ஆரம்பிச்சாங்கன்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். ஆனா அந்த விவரம் எழுத்துல வர்றது 1738ல ஜேம்ஸ் ஆண்டர்சன் போட்ட சங்கத்து விதிப் புத்தகத்தோட ரெண்டாம் பதிப்புலதான், அதனால அந்தத் தேதியையே சந்தேகப்படுற வரலாற்றுக்காரங்களும் இருக்காங்க. அவரோட மொத பதிப்பு 1723. அதுக்குப் பின்னால உள்ளது சங்கத்தோட கதை, அங்க கூலிக் கேள்வி வேலை செய்யாது, நீங்க வேற கேள்வி கண்டுபிடிக்கணும்.

நம்ம பக்கம் பழைய வெள்ளக்காரக் கல்லறைத் தோட்டத்துல மூலைமட்டமும் கவராயமும் சேந்த சின்னத்த பாத்தா கொழம்பாதீங்க. கீழ படுத்திருக்கிறவரு கல்லு கொத்துனவரு இல்ல, தொரையாவோ அதிகாரியாவோ இருந்து சங்கத்துல சேந்தவரு. கல்லு கொத்துன ஆளு வேணும்னா கல்லோட அடி ஓரத்துல பாருங்க, சிலதுல பட்டறைப் பேரு சின்னதா இருக்கும், பலதுல அதுவும் இருக்காது.

பெரியவங்ககிட்ட கேக்கிறது

இது கடைசி வேலை, ஆனா தள்ளிப் போடாதீங்க, ஆளுங்க கொறைஞ்சிகிட்டே வர்றாங்க. தோட்டத்துல பழைய மேசன் தாத்தா யாராவது இருந்தா இஸ்தோப்புல போயி உக்காந்து தேத்தண்ணி குடிச்சிகிட்டே மெதுவா கேளுங்க, சிங்களக் கிராமத்துல கேட்டா பாஸ்னு கூப்புடுங்க, சந்தோசப்படுவாங்க. 'உங்க தொழில் வரலாறு சொல்லுங்க'ன்னு கேட்டா ஒண்ணும் வராது. "தாத்தா, நீங்க யாருகிட்ட கையாளா நின்னீங்க? கரண்டிய கையில குடுக்க எத்தன வருஷமாச்சி? மொத சுவரு எது, அது இன்னும் நிக்கிதா? கையாளுக்கு எவ்வளவு, பாசுக்கு எவ்வளவு? வேற தோட்டத்துக்குப் போனா உங்களுக்கு வேலை தெரியும்னு எப்படி நம்புனாங்க?" இப்படி கேளுங்க. அந்தக் கடைசிக் கேள்விக்கு வர்ற பதில மட்டும் அவங்க வாயில வந்தபடியே எழுதுங்க, ரெக்கோர்ட் பண்றதுன்னா மொதல்லயே கேட்டுக்கங்க. முடிஞ்சா அவங்களையே கூட்டிகிட்டுப் போயி கல்லுக்கட்டுக்கு முன்னாடி நிக்க வைங்க, கல்ல தொட்டதும்தான் பேச்சே வரும்.

மத்த சில்லற விஷயங்கள். தோட்டத்துக்குள்ள படம் எடுக்க ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. விகாரையில செருப்பு தொப்பிய கழட்டணும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீங்க. கல்வெட்டு தெளிவா தெரியணும்னு சோக்கு பூசுறது, பாசிய சொரண்டுறது ரெண்டும் கூடாது, டோர்ச்ச சாச்சி அடிச்சா போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில பழைய கல்லுக்கட்டுக்கு அடியில போயி நிக்கவே நிக்காதீங்க, கல்லு வெளிய தள்ளியிருந்தாலோ வழக்கமா தெளிவா வர்ற தண்ணி சேறா வந்தாலோ படம் எடுக்காம மேல உள்ள லயத்து ஆளுங்களுக்கு மொதல்ல சொல்லுங்க. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கங்க.